வெளியே போகிற பந்து

வாலிபாலில் வலைக்குப் பக்கத்தில் குதித்து அடிக்கிறவனைத்தான் ஊர் பார்க்கும். போஸ்டரில் அவன் படம்தான் வரும். அவன் அடித்த பந்தைத் தரையில் விழாமல் எடுக்கிறவன் பின்னால் கிடப்பான், முழங்கையில் தோல் உரிந்து, சட்டையெல்லாம் செம்மண்ணாக. நான் அந்தப் பின்னால் கிடந்தவன். இந்த மலையில் அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. இதை நானே சொல்கிறேனே என்று யாரும் சிரிக்க வேண்டாம். என்னோடு ஆடினவர்களில் பாதிப் பேர் கல்லறையில் இருக்கிறார்கள். மீதிப் பேருக்கு என்மேல் பொறாமை. அப்புறம் யார் சொல்வது?

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அப்பா சாக்குத் தூக்கின அதே தேயிலை பேக்டரியில் நானும் சாக்குத் தூக்கினேன். சூரியநெல்லிக்கு மேலே எங்கள் லயம், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள். லயத்துக்குக் கீழே மலையை வெட்டி நிரவின ஒரு துண்டு மண் இருந்தது. அதுதான் கோர்ட். ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சரிவு. சரிவுப் பக்கம் பந்து போனால் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு கீழே ஓடைவரைக்கும் போய்விடும். எங்களிடம் இருந்தது ஒரே பந்து. மழைக்காலத்தில் அதை எடுக்கப் போகிறவன் காலெல்லாம் அட்டையோடு திரும்பி வருவான். அதற்குள் பனி இறங்கிவிடும். பந்தும் தெரியாது, வலையும் தெரியாது, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

அதனால் எங்கள் கோர்ட்டுக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. பந்து உள்ளே விழுகிறதா வெளியே போகிறதா என்று பார்க்காதே, கை எட்டினால் தொடு. பாயிண்ட் போனால் போகட்டும், பந்து போகக் கூடாது.

அப்படி வளர்ந்த கை இது. எவன் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் எடுத்தேன். ஒரு மாதா கோயில் திருவிழாப் போட்டியில் என்னைப் பார்த்துவிட்டு, ஆனைக்கரை ஏலக்காய்த் தோட்டத்து முதலாளி ஒருவர் தன் டீமுக்கு ஆட ஜீப் அனுப்பிக் கூப்பிட்டார். சாப்பாடு போட்டு, கையிலும் கொடுத்தார். எங்கள் டிவிஷனில் பந்து விளையாடிக் காசு வாங்கின முதல் ஆள் நான்தான். கங்காணிக்கு நம்பிக்கை வரவில்லை. "வெளையாடுனதுக்கா குடுத்தாங்க? எங்கயோ மரம் வெட்டப் போயிட்டு வந்து கதை விடுதியா?" என்றார். அப்புறம் பீர்மேட்டில் ஆடினேன், குமுளியில் ஆடினேன். கிழக்குப் பாலக்காட்டில் ஒரு பெரிய தென்னந்தோப்புக்காரர் டீமுக்கு நாலைந்து சீசன் ஆடினேன். வெளியூர்க் களத்தில் எங்கள் மலைச் சட்டம் செல்லாது. எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் நமக்குப் பாயிண்ட். அதை நாம் தொட்டு, பந்து கைவிட்டுப் போனால் அவனுக்குப் பாயிண்ட். இதை நான் முதல் ஆட்டத்திலேயே பிடித்துக்கொண்டேன். எல்லோருக்கும் என் மூளை இருக்குமா?

முட்டி தேய்ந்த பிறகு எங்கள் எஸ்டேட் டீமுக்கு மேனேஜர் ஆனேன். மேனேஜர் என்றால் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்காருகிறவன் இல்லை. வண்டி பிடிக்கணும், ஷிப்டு மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டணும், ஆட்டத்துக்கு முந்தின நாள் எவனும் குடிக்காமல் காவல் இருக்கணும். நான் எடுத்தபோது அந்த டீம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புகிற டீம். நான் எடுத்த பிறகு பைனல் வரை போகிற டீம். ஆனால் பைனலில் தோற்றுத் தோற்று வந்தது. அதுதான் என் கழுத்துக்குக் கத்தியாக வந்தது.

எங்கள் கமிட்டிக்கு ஒரு செக்ரட்டரி. எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். நல்ல பையன்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் சர்ட்டிபிகேட் கேட்கிற ஜாதி. போன வருஷம் சர்ச் ஹாலில் கூட்டம் போட்டு, டவுனிலிருந்து படித்த கோச் ஒருவரைக் கொண்டு வரலாம் என்றார்.

"பெரியவர் இத்தனை வருஷம் பாத்தாரு, சரி. இனி ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எழுந்து நின்றேன். "தை மாசம் பாலக்காட்டுப் போட்டி வருது. அந்தக் கப்பு இந்த ஹாலுக்கு வரலேன்னா டீமை நீங்களே எடுத்துக்கோங்க. நான் கோர்ட்டுப் பக்கம் கால் வைக்க மாட்டேன்" என்றேன்.

ஒருத்தனாவது "அப்படியெல்லாம் சொல்லாதீங்க மாமா" என்று தடுப்பான் என்று பார்த்தேன். செக்ரட்டரி மட்டும், "எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றார்.

வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டி சோற்றைப் போட்டுவிட்டு, "வாயை எங்க வச்சிட்டு வந்தீங்க?" என்றாள். அதற்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. டீம் இல்லாவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது? காலையில் எழுந்தால் எங்கே போவேன்?

பாலக்காட்டுக் கிழக்கில் தை மாசம் காற்று ஒரு பேய். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மலைக் கணவாய்க்குள் நுழைந்து விசிலடித்துக்கொண்டு வரும். எங்கள் கோர்ட் மலையின் மடியில் இருப்பது, அங்கே பந்து நேராகப் போய் நேராக வரும். இங்கே அடித்தது ஒரு இடம், விழுவது ஒரு இடம். வேனில் போகும்போதே தொண்டை வறளச் சொன்னேன். "காத்து அவனுங்க முதுகுல இருந்தா அவனுங்க அடிக்கிற பந்து நீளமாப் போகும். நம்மள தாண்டி வெளிய விழும். தொடாதீங்க. விட்டா நமக்குப் பாயிண்ட்."

எல்லாரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் என் இடத்தில் ஆடுகிறவன் எங்கள் லயத்து ஜீப் டிரைவர். முப்பது வயசு தாண்டினவன், எனக்கு மருமகன் முறை. அவன்தான் ரொம்ப வேகமாகத் தலையாட்டினான். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

லீக், செமி எல்லாம் எப்படியோ தாண்டினோம். பைனலில் எதிரில் வந்தது நான் ஒரு காலத்தில் ஆடின அதே தென்னந்தோப்புக்காரர் டீம். அவருக்கும் வயசாகிவிட்டது. வெள்ளை வேட்டியும் கையில் ஒரு தடியுமாக வந்து என் தோளைத் தட்டினார்.

"ஏனுங்க, இன்னும் இந்தப் பந்தைக் கட்டிக்கிட்டுத்தான் அழுகறீங்களா? ஊட்டுல சும்மா உக்கார முடியலீங்களா?"

"நான் சும்மா உக்காந்தா உங்க கப்பை யாரு தூக்கிட்டுப் போறது, மொதலாளி?"

"பாக்கலாமுங்க. இது எங்கூருக் காத்து. நாங்க சொன்னாத்தான் கேக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் டீமில் வடக்கேயிருந்து காசு கொடுத்துக் கூட்டி வந்த ஒரு நெட்டையன் இருந்தான். வலைக்கு மேலே அவன் நெஞ்சு தெரிந்தது.

மூன்று செட் ஆட்டம், இரண்டு ஜெயித்தால் கப்பு. முதல் செட்டில் காற்று அவர்கள் முதுகில். நெட்டையன் அடித்த முதல் பந்தே எங்கள் ஆட்கள் தலைக்கு மேல் பறந்தது. கோட்டுக்கு ஒரு கஜம் தள்ளி விழ வேண்டிய பந்து. ஜீப் டிரைவர் பின்னால் ஓடிப்போய்ப் பாய்ந்து தொட்டான். பந்து கையில் பட்டுத் தென்னைமரத்துப் பக்கம் போனது. அவர்களுக்குப் பாயிண்ட்.

"விடுடா! விடுடா!" என்று கத்தினேன்.

அடுத்ததும் அதே மாதிரி வந்தது, அதையும் தொட்டான். பக்கத்தில் நின்றவனும் தொட்டான். ஐந்தாறு பந்து, எல்லாம் வெளியே போகிற பந்து, சும்மா நின்றிருந்தால் எங்களுக்கு வர வேண்டிய பாயிண்ட், அத்தனையையும் எங்கள் பையன்கள் ஓடி ஓடிப் போய் எதிராளிக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஜனங்களுக்கு வேடிக்கை தாங்கவில்லை. வேலியோரம் ஒருத்தர் எழுந்து கத்தினார்: "பாருங்கோ, பாருங்கோ! மலைக்காரரு பந்தைக் கண்டாப் புடிச்சுக் கொஞ்சறாருங்கோ!" எல்லாப் பக்கமும் சிரிப்பு. முதல் செட் போய்விட்டது.

செக்ரட்டரி எனக்குப் பக்கத்து நாற்காலியில், மூன்று பக்கமும் மறைத்துக் கட்டின படுதா நிழலில் உட்கார்ந்திருந்தார். மணியைப் பார்த்தார். அது பேசுவதைவிட மோசம்.

பையன்கள் தண்ணீர் குடிக்க வந்தார்கள். ஜீப் டிரைவரின் சட்டையைப் பிடித்தேன்.

"ஏலே, இங்க பள்ளம் இருக்கா? ஓடை இருக்கா? பந்து போனா எடுத்துட்டு வர ஆளு நிக்கிறான்லா? எதுக்குல ஓடுற?"

"எனக்குத் தெரியுது மாமா. வெளியதான் போகுதுன்னு கண்ணு சொல்லுது. ஆனா கை கேக்க மாட்டேங்குது. பந்து போச்சேன்னு நெஞ்சு அடிச்சுக்குது."

அவன் முகத்தைப் பார்த்தால் பொய்யில்லை. அவன் என்ன செய்வான், பால்குடி மறந்த நாளிலிருந்து அந்தச் சரிவுக்குப் பக்கத்தில் ஆடினவன்.

இரண்டாவது செட்டில் பக்கம் மாறியது. இப்போது காற்று அவர்கள் முகத்தில். அவர்கள் அடிக்கிற பந்து போகப் போக வேகம் குறைந்து உள்ளேயே விழும். அந்தப் பக்கத்தில் எங்கள் பையன்களை ஜெயிக்க எவனால் முடியும்? தொடு தொடு என்று வளர்ந்த கைகள். ஒரு பந்து தரையைத் தொடவில்லை. நெட்டையன் அடித்து அடித்துத் தோள் சோர்ந்தான். செட் எங்களுக்கு. வேலியோரத்துச் சிரிப்பு நின்றது. தென்னந்தோப்புக்காரர் தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

கடைசிச் செட் பதினைந்து பாயிண்ட். எட்டில் பக்கம் மாறணும். டாஸ் அவர்களுக்கு விழுந்தது. காற்று முதுகில் இருக்கிற பக்கத்தைத்தான் எடுத்தார்கள். நான் எடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

பையன்களைச் சுற்றி நிற்க வைத்தேன். "இனி நீங்க யாரும் யோசிக்காதீங்க. பந்து வலையைத் தாண்டுனதும் நான் சொல்லுவேன். விடுன்னா, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டு. எடுன்னா, உசுரைக் குடுத்து எடு. என் கண்ணு இத்தனை வருஷமாத் தப்புனதில்ல."

ஊர்ப் போட்டியில் பெஞ்சிலிருந்து கத்துவதை ரெப்ரி கண்டுகொள்வதில்லை. நெட்டையன் அடித்தான். "விடு!" ஜீப் டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், வாத்தியாரிடம் மாட்டினவன் மாதிரி. பந்து அவன் காதை உரசுகிற மாதிரிப் போய் வெளியே விழுந்தது. எங்களுக்குப் பாயிண்ட். அடுத்தது. "விடு!" மறுபடியும் வெளியே. "எடு!" என்றேன், எடுத்தான், உள்ளே விழ இருந்த பந்து. ஒன்றுகூடத் தப்பவில்லை. எட்டுக்கு ஐந்து என்று முன்னால் நின்று பக்கம் மாறினோம். செக்ரட்டரி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

மாறின பிறகு காற்று அவர்கள் முகத்தில். என் கணக்குச் சுலபமாகிவிட்டது. பார்க்க வெளியே போகிற மாதிரி வரும், காற்று பிடித்து உள்ளே போட்டுவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் எடு, எடு, எடு. ஆனால் நெட்டையன் முட்டாள் இல்லை. ஓங்கி அடிப்பதை விட்டுவிட்டு வலையோரமாகத் தட்டித் தட்டிப் போட ஆரம்பித்தான். எங்கள் பையன்கள் முன்னால் ஓடிவந்து விழுந்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பதிமூன்றுக்குப் பதிமூன்று. என் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், அது கிழிந்தது எனக்குத் தெரியாது.

அவர்கள் அடித்த ஒன்று வலையில் மாட்டியது. பதினாலுக்குப் பதிமூன்று. ஒரு பாயிண்ட். அது வந்தால் டீம் எனக்கு. வராவிட்டால் சமம், அப்புறம் யாருக்கு என்று மாதாவுக்குத்தான் தெரியும். பையன்கள் கால் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். சமமானால் தாங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் சர்வீஸ். அவர்கள் எடுத்தார்கள், தூக்கிக் கொடுத்தார்கள். நெட்டையன் இந்தத் தடவை தட்டவில்லை. முழுசாக எழும்பி ஓங்கி அடித்தான். பந்து உயரமாக, நீளமாக, பின்கோட்டை நோக்கிப் போனது. நான் தென்னைமரத்தைப் பார்த்தேன். உச்சியில் ஓலை சீறிக்கொண்டிருந்தது. காற்று இருக்கிறது. பிடித்து உள்ளே போட்டுவிடும்.

"எடு! எடுறா!"

அவன் பின்னால் ஓடினான். பந்துக்குக் கீழே போய்விட்டான். கையைத் தூக்கினான். அப்புறம் இறக்கினான். கையை இறக்கிக்கொண்டு, தலையைத் திருப்பி, தன்னைத் தாண்டிப் போகிற பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுறா பாவி!" என் தொண்டை கிழிந்தது.

பந்து விழுந்தது. தூசி கிளம்பியது. கோடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. லைன்மேன் குனிந்து தரையைப் பார்த்தான். ரெப்ரி இறங்கி வந்தார். தென்னந்தோப்புக்காரரும் தடியை ஊன்றி ஊன்றி நடந்து வந்தார்.

சுண்ணாம்புக் கோடு கலையாமல் இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளிப் பந்து பதிந்த குழி. தென்னந்தோப்புக்காரர் குனிந்து பார்த்து, தடியால் அந்தக் குழியைத் தட்டி, "வெளியதானுங்க" என்றார். அவர் சொன்ன பிறகுதான் ரெப்ரி கையைத் தூக்கினார்.

பையன்கள் ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஜெயித்தவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் சேர்த்துத் தென்னந்தோப்புக்காரர் தன் தோட்டத்து வீட்டில் சாப்பாடு போட்டார். அது அவர் வழக்கம், நான் ஆடின காலத்திலும் அப்படித்தான். இலை போட்டு உட்கார்ந்தோம். கப்பு எங்கள் நடுவில் இருந்தது. செக்ரட்டரி எனக்கு நேர் எதிர் வரிசை. இலையில் கை வைக்கவில்லை.

"பெரியவரே, ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கடைசிப் பந்துக்கு நீங்க என்ன கத்துனீங்க?"

பையன்கள் எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். ஜீப் டிரைவர் அவசரமாக வாயைத் திறந்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார். ஜனங்க சத்தத்துல மாமா சொன்னது காதுல விழல."

"பொய் சொல்லாதலே" என்றேன். "எடுன்னு கத்துனேன். ரெண்டு தடவை கத்துனேன். ஊரே கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான விட்டே?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "ஆமா மாமா."

"ஏன்?"

"காத்து நின்னு போச்சு மாமா. அவன் குதிக்கும்போதே நின்னு போச்சு. வேர்த்த சட்டை அதுவரைக்கும் குளுந்துட்டே இருந்துச்சு, திடீர்னு வெக்கை அடிச்சுது. இனி பந்தைத் தடுக்க ஒண்ணும் இல்ல, நேரா வெளிய போயிரும்னு தெரிஞ்சுச்சு. நீங்க படுதாக்குள்ள இருந்தீங்க."

நான் பார்த்தது மரத்து உச்சியை, அங்கே ஓலை ஆடினது நிஜம். கீழே தரையில் காற்று நின்றது அவனுக்குத்தான் தெரியும். இதில் என் கண்ணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்த இடம் அப்படி.

செக்ரட்டரி விடவில்லை. "அப்போ நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா?"

"கப்பு மொதலாளி வீட்டுல இருந்திருக்கும். நான் லயத்துல முடங்கிக் கிடந்திருப்பேன்" என்றேன். "என்ன இப்போ? கப்பு வந்தா டீம் எனக்குன்னுதான பேச்சு? கப்பு எப்படி வரணும்னு பேச்சு இல்லையே. கை கட்டி நிக்கத் தெரியாம முதல் செட்டைக் குடுத்த பய, கடைசிப் பந்துக்கு என்னையே மீறி நின்னான். ஒரே சாயங்காலத்துல. உங்க படிச்ச கோச்சு இதைச் செஞ்சு காட்டுவாரா?"

தென்னந்தோப்புக்காரர் மோர் ஊற்றிக்கொண்டே சிரித்துவிட்டார். "வாய்ல உங்களை யாரு ஜெயிக்கறதுங்க. மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க, சோறு ஆறுது." செக்ரட்டரியும் சிரித்தார், ஆனால் பாதிதான். அவருக்குத் திருப்தி இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் இருந்ததா?

ஊருக்கு வந்த பிறகு கமிட்டி கூடியது. டீம் என் கையிலேயே இருக்கட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். செக்ரட்டரியும் கை தூக்கினார். அப்போது நானே எழுந்து ஒன்று சொன்னேன், யாரும் கேட்காமலே. இனிமேல் எங்கள் டீமில் வெளியிலிருந்து எவனும் விடு, எடு என்று கத்தக் கூடாது. நான் உட்பட. பந்துக்குக் கீழே நிற்கிறவன் முடிவு செய்யட்டும்.

அன்றிலிருந்து ஆட்டத்தின்போது நான் படுதாவுக்குள் உட்காருவதில்லை. பின்கோட்டுக்கு நாலடி தள்ளி வெயிலில் நிற்கிறேன். காற்று என்மேலும் படுகிறது. எந்தப் பந்து உள்ளே, எந்தப் பந்து வெளியே என்று இப்போதும் எனக்கு முன்கூட்டியே தெரிகிறது, பத்துக்கு ஒன்பது சரியாகத்தான் இருக்கிறது. வாயைத் திறக்காமல் நிற்பதுதான் பெரிய பாடு. முழங்கை தோல் உரிந்ததெல்லாம் ஒரு வலியா?